இஸ்லாம் சமயமும் கொச்சித் துறைமுகமும்

ஒரு நெறியைத் தழுவி நிற்போர் பிற நெறிகளையும் பழுதறக் கற்றல் வேண்டும். தன் சமயத்தைப் புகழும் ஆர்வத்தால் பிறர் சமயத்தை இகழ்வோன் தன் சமயத்துக்கே தீங்கு சூழ்கின்றான் என்னும் கருத்தை அசோக மன்னர் தம் பன்னிரண்டாம் பாறைக் கல்வெட்டில் பொறித்து வைத்துள்ளார். அவ்வறிவுரையை உளங்கொண்டு, இப்பாடத்தில் இஸ்லாம் சமயத்தின் தோற்றத்தையும், அடிப்படைக் கொள்கைகளையும், அது பரவிய வரலாற்றையும் ஆராய்வோம். இன்றைய உலக மாந்தருள் ஏறத்தாழ நால்வரில் ஒருவர் பின்பற்றும் சமயம் இது.

பரந்த வரலாற்றை ஒரு பாடத்துள் அடக்குதல் இயலாது. ஆதலின், நம் அண்டை நாடாகிய கேரளத்தில், கொச்சித் துறைமுகத்தை அடுத்த மட்டாஞ்சேரியை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். தமிழ்க் கரையோடு நெருங்கிய தொடர்புடைய ஊர் அது. அன்றியும், சமயம் மாறிய ஒவ்வொரு குடும்பத்தின் உள்ளத்திலும் எழும் வினா ஒன்றுண்டு: புதிய நெறி நம் பெயரை மட்டும் மாற்றுமா, நம் நிலையையும் மாற்றுமா? அவ்வினாவை ஆராய்தற்கும் அவ்வூரின் வரலாறு துணை செய்யும்.

1. தோற்றம்

முகம்மது நபி கி.பி. 570 அளவில் அரபு நாட்டு மெக்கா நகரில் குறைசியர் குலத்தில் தோன்றினார். பிறப்பதற்கு முன்னரே தந்தையை இழந்தார்; இளமையிலேயே தாயையும் இழந்தார். முதலில் பாட்டனாரும், பின்னர்ப் பெரிய தந்தையாரான அபூதாலிபும் அவரை வளர்த்தனர். வணிகக் கூட்டத்தாருடன் பயணம் செய்து நேர்மையாளர் எனப் பெயர் பெற்றார். கதீஜா என்னும் செல்வ வணிகப் பெண்மணி அவரை மணந்துகொண்டார்.

அக்கால மெக்கா ஒரு பெரிய சந்தை நகரம். கஅபா என்னும் திருக்கோயிலில் பல குலங்களின் தெய்வ உருவங்கள் இருந்தன. செல்வர் சிலர் செழிக்க, அநாதைகளும் விதவைகளும் அடிமைகளும் நலிந்தனர். முகம்மது நபி ஹிரா என்னும் மலைக்குகையில் தனித்திருந்து சிந்திப்பது வழக்கம். 610 அளவில், தமது நாற்பதாம் அகவையில், இறைவனின் செய்தி தமக்கு அருளப்பெற்றதாக அவர் உரைத்தார். இறைவன் ஒருவனே என்பதும், எளியோரைக் காத்தல் கடமை என்பதும், ஒவ்வொருவரும் தம் செயலுக்கு விடை பகர வேண்டிய நாள் ஒன்று உண்டு என்பதும் அச்செய்தியின் சாரம்.

முதன் முதல் அதனை ஏற்றவர்களுள் எளியோரும் அடிமைகளும் இருந்தனர். அவர்களுள் பிலால் என்பவரை நாம் நினைவிற் கொள்ளுதல் வேண்டும். அபிசீனிய மரபினரான அவர் மெக்காவில் அடிமையாக இருந்தவர். புதிய நெறியைக் கைவிடாத குற்றத்துக்காகச் சுடுமணலில் கிடத்தப்பட்டு, மார்பின்மீது பாறை ஏற்றப்பட்டு வருந்தினார் என அச்சமயத்தார் கூறுவர். அபூபக்கர் அவரை விலைகொடுத்து மீட்டு விடுதலை செய்தார். பின்னாளில் தொழுகைக்கு மக்களை அழைக்கும் பாங்கொலியை முதன் முதல் எழுப்பும் பெருமை அவருக்கே கிட்டியது. அடிமை முறையை அச்சமயம் அப்போதே ஒழித்துவிடவில்லை. எனினும் அடிமையை விடுவித்தலை உயர்ந்த அறமாகப் போற்றியது.

மெக்காவின் செல்வர் எதிர்த்தமையால், 622இல் நபி தம் தோழருடன் மதீனாவுக்குக் குடிபெயர்ந்தார். இக்குடிபெயர்ச்சியே ஹிஜ்ரத் எனப்படும். இஸ்லாமிய ஆண்டுக் கணக்கு இதனின்றே தொடங்குகிறது. 630இல் மெக்கா அவர் வயப்பட்டது. 632இல் மதீனாவில் அவர் மறைந்தார். அவருக்குப்பின் அபூபக்கர், உமர், உஸ்மான், அலீ ஆகிய நால்வரும் ஒருவர்பின் ஒருவராகக் கலீபாக்களாயினர். தலைமை யாருக்கு உரியது என்பதில் எழுந்த வேற்றுமையும், 680இல் கர்பலாவில் நபியின் பேரர் ஹுசைன் கொல்லப்பட்டமையும் சன்னி, ஷியா என்னும் பிரிவுகள் வலுப்பெறக் காரணமாயின.

2. அடிப்படைக் கொள்கைகள்

இஸ்லாம் என்னும் சொல் இறைவனுக்கு ஒப்புக்கொடுத்தலைக் குறிக்கும். அமைதி எனப் பொருள்படும் அரபுச் சொல்லும் இதே வேரினின்று பிறந்ததே. திருமறையாகிய குர்ஆன் 114 அத்தியாயங்களை உடையது. நபியின் சொல்லையும் செயலையும் தொகுத்த நூல்கள் ஹதீஸ் எனப்படும். இறைவன், வானவர், வேதங்கள், நபிமார், இறுதி நாள், இறைவனின் நியமம் ஆகிய ஆறினையும் நம்புதல் சன்னிப் பிரிவினரின் அடிப்படை.

செயலளவில் ஐந்து கடமைகள் உள. இறைவன் ஒருவனே, முகம்மது அவன் தூதர் எனச் சான்று பகர்தல் முதற் கடமை. நாளொன்றுக்கு ஐந்து வேளை தொழுதல் இரண்டாவது. வரம்புக்கு மேற்பட்ட சேமிப்பில் ஆண்டுதோறும் நூற்றுக்கு இரண்டரை வீதம் வறியோர் முதலியோர்க்கு ஈதல் மூன்றாவது. இதனை ஸகாத் என்பர். ரமலான் மாதம் முழுதும் பகற்பொழுதில் உண்ணாமலும் பருகாமலும் நோன்பிருத்தல் நான்காவது. வசதியும் உடல்நலமும் உடையோர் வாழ்நாளில் ஒரு முறை ஹஜ் என்னும் மெக்காப் பயணம் மேற்கொள்ளுதல் ஐந்தாவது.

இவற்றுள் தொழுகை முறையைக் கூர்ந்து நோக்குக. தொழுவோர் தோளொடு தோள் சேர வரிசையாக நிற்பர். முதலில் வந்தவர் முன் வரிசையில் நிற்பார். செல்வர்க்கென்று தனியிடம் இல்லை. அரபியர் அல்லாதாரைவிட அரபியர் உயர்ந்தோர் அல்லர், இறையச்சமே உயர்வு தரும் என்று நபி தம் இறுதிப் பேருரையில் அறிவுறுத்தியதாக அச்சமயத்தார் போற்றுவர்.

நம் நெறிக்கும் இதற்கும் உள்ள வேற்றுமையை மறைத்தல் அறிவுடைமை ஆகாது. உலகைப் படைத்துக் காக்கும் ஒரே இறைவனை நம்புவதே இஸ்லாத்தின் உயிர்நிலை. பகவன் புத்தரோ படைப்போன் ஒருவனைச் சாராது, துக்கத்தின் காரணத்தையும் அதன் நீக்கத்தையும் மாந்தர் தம் முயற்சியால் உணருமாறு அறம் உரைத்தார். ஈகையும் புலனடக்கமும் மதுவிலக்கும் இரண்டு நெறிகளிலும் வற்புறுத்தப்படுகின்றன. அவற்றின் அடிப்படை வேறு வேறு.

3. கடல்வழி வந்த வரலாறு

நபி மறைந்த நூறாண்டுக்குள் இஸ்லாமிய அரசு மேற்கே ஸ்பெயின் வரையிலும் கிழக்கே சிந்து வரையிலும் பரவியது. சிந்து நாட்டை 711, 712 ஆகிய ஆண்டுகளில் படையெடுத்து வென்றனர். மேலைக் கடற்கரைக்கு இச்சமயம் வந்த வழி வேறு. நபி பிறப்பதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பிருந்தே மிளகு நாடிக் கடல் வணிகர் சேர நாட்டுக்கு வந்துகொண்டிருந்தனர். அவ்வணிகருள் அரபியர் இஸ்லாத்தைத் தழுவியபின், சமயமும் அவர்தம் மரக்கலத்தில் உடன் வந்தது.

சேரமான் பெருமாள் என்னும் மன்னர் மெக்கா சென்று இஸ்லாத்தை ஏற்றார் என்னும் மரபுக்கதை கேரளத்தில் பெயர் பெற்றது. இது நபியின் காலத்திலேயே நிகழ்ந்தது என்போர் பலர். ஆயின், 16ஆம் நூற்றாண்டு இஸ்லாமிய அறிஞர் செய்னுத்தீன் மக்தூம் அதனை ஏற்கவில்லை. நிகழ்ந்திருப்பின் ஹிஜ்ரத்துக்கு இருநூறு ஆண்டுகளுக்குப் பின்னரே இருக்கலாம் என அவர் கருதினார். தம் சமயத்துக்குப் பெருமை தரும் கதையையும் ஆராய்ந்து நோக்கிய அவர் பண்பு போற்றத்தக்கது. கேரளோற்பத்தி என்னும் நூல் பெருமாள் பௌத்த மார்க்கத்தைத் தழுவியதாகக் கூறி, அவரை மெக்காவுக்கும் அனுப்புகிறது. வைதிகம் அல்லாத சமயத்தார் எவரையும் பௌத்தர் எனக் குறிக்கும் வழக்கு அந்நூலில் காணப்படுவதே இக்குழப்பத்துக்குக் காரணம் போலும்.

கதையை விடுத்துச் சான்றை நோக்குவோம். கொல்லத்துத் தரிசாப்பள்ளிச் செப்பேடு கி.பி. 849இல் எழுந்தது. கிறித்தவப் பள்ளி ஒன்றுக்கு அளித்த கொடையைக் கூறும் அவ்வேட்டில் சான்றொப்பமிட்டோருள் சிலர் அரபு எழுத்தில் ஒப்பமிட்டுள்ளனர். 9ஆம் நூற்றாண்டிலேயே இஸ்லாமிய வணிகர் நம்பத்தக்க சான்றாளராக மதிக்கப்பட்டனர் என்பது இதனால் பெறப்படும்.

கடற்காற்றும் சமயம் பரவத் துணை நின்றது. தென்மேற்குப் பருவக்காற்றின் இறுதியில் வரும் மரக்கலங்கள் வடகிழக்குப் பருவக்காற்று வீசும் வரையில் திரும்ப இயலா. மாதக்கணக்கில் தங்கிய வணிகர் உள்நாட்டுப் பெண்டிரை மணந்தனர். அவர் வழிவந்தோர் மாப்பிள்ளைமார் எனப்பட்டனர். அச்சொல்லின் பொருள் தமிழர்க்கு எளிதில் விளங்கும்; கேரளக் கிறித்தவரையும் நசுராணி மாப்பிள்ளை எனல் உண்டு.

1341இல் பேரியாற்றில் ஏற்பட்ட பெருவெள்ளம் கொடுங்கல்லூர்த் துறையைத் தூர்த்துக் கொச்சியின் முகத்துவாரத்தை அகலச் செய்தது என்பர். கொச்சி வளர்ந்தது, பல நாட்டு வணிகரும் பல சமயத்தாரும் அங்கே குடியேறினர். மட்டாஞ்சேரிக் கொச்சங்காடியில் 1344இலேயே யூதர் ஒரு தொழுகைக் கூடம் எழுப்பினர்.

சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹோவுடன் 15ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கடற்பயணம் செய்த மா ஹுவான் என்பவர் கொச்சியைப் பற்றி ஒரு குறிப்பு எழுதி வைத்தார். அவரும் இஸ்லாமியரே. கொச்சி மக்களை ஐந்து வகுப்பினராக அவர் பிரிக்கிறார்: அரசரோடொத்த உயர்குலத்தார், இஸ்லாமியர், செட்டிகள், தரகர், முக்குவர். கடைநிலையில் வைக்கப்பட்ட முக்குவரின் குடிசைகள் மூன்றடி உயரத்துக்கு மேல் இருத்தல் கூடாதாம். இடைக்கு மேலும் முழங்காலுக்குக் கீழும் அவர்கள் ஆடை நீளுதல் கூடாதாம். வழியில் உயர்குலத்தாரையோ செட்டிகளையோ கண்டால் நிலத்திற் படிந்து, அவர் கடந்து சென்றபின்னரே எழ வேண்டுமாம். இஸ்லாமியர் அவ்வரிசையில் இரண்டாம் இடத்தில் இருந்தனர் என்பதையும், உழைப்போர் நிலத்திற் படிந்து கிடந்தனர் என்பதையும் சேர்த்து நோக்குக. அத்தகைய ஊரில், அனைவரும் ஒரே வரிசையில் நிற்கும் பள்ளி எத்துணை வலிய அழைப்பாக இருந்திருக்கும் என்பதைக் கூற வேண்டுவதில்லை.

4. தமிழ்க் கரையும் மட்டாஞ்சேரியும்

கொச்சி இஸ்லாமியரின் வரலாற்றில் தமிழ்நாட்டுக்குச் சிறந்த பங்கு உண்டு. கொச்சியில் வாழும் நயினா என்னும் இஸ்லாமியக் குடியினர் தம் முன்னோர் காயல்பட்டினத்திலிருந்து வந்தவர் என்பர். மார்க்கோ போலோ 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் கண்டு வியந்த காயல் துறைமுகம் அதுவே என்று கூறுவாரும் உளர். மக்தூம் குடும்பத்தாரும் அரபியர் மஅபர் என வழங்கிய சோழமண்டலக் கரையிலிருந்து கொச்சிக்கு வந்தவர்கள். அக்குடும்பத்தில் 1467 அளவில் கொச்சியிற் பிறந்த முதலாம் செய்னுத்தீன் மக்தூம் பொன்னானியைப் பெரிய கல்வி நிலையமாக்கினார். மேலே நாம் குறித்த அறிஞர் இவருடைய பேரர். 1583 வரையிலான செய்திகளைக் கூறும் துஹ்ஃபத்துல் முஜாஹிதீன் என்னும் அரபு நூலின் ஆசிரியர்.

கொச்சங்காடியில் 1520 அளவில் எழுந்ததாகக் கூறப்படும் செம்பிட்ட பள்ளி இன்றும் உளது. கூரையில் செப்புத் தகடு இட்டமையால் வந்த பெயர் அது. அயல்நாட்டுக் குவிமாடத்தை நாடாமல், கேரள நாட்டுத் தச்சர் மரபில் சாய்ந்த கூரையும் மரவேலைப்பாடும் கொண்டு அது எழுந்தது.

பள்ளி என்னும் சொல்லைச் சிறிது ஆராய்வோம். தமிழில் அது முன்னாளில் பௌத்தரும் சமணரும் தங்கிய அறவிடங்களுக்கு வழங்கிய பெயர். நாகப்பட்டினத்துப் பௌத்த விகாரங்களை இராசராசப் பெரும்பள்ளி, இராசேந்திர சோழப் பெரும்பள்ளி எனச் சோழர் செப்பேடு குறிக்கிறது. அச்சொல்லே மலையாளத்தில் மசூதிக்கும் கிறித்தவர் கோயிலுக்கும் பெயராயிற்று. தமிழ் இஸ்லாமியர் பள்ளிவாசல் என்கின்றனர். நோன்பு, தொழுகை என்பனவும் நம் பழந்தமிழ்ச் சொற்களே. வந்த சமயம் உள்நாட்டு மொழியிலேயே தன் வீட்டை அமைத்துக்கொண்டது. நபியின் வரலாற்றைக் கூறும் உமறுப்புலவரின் சீறாப்புராணமும், அரபு எழுத்தில் தமிழை எழுதிய அரபுத்தமிழ் மரபும் அதற்குச் சான்றாவன.

பிற்காலத்தில் வேறு பலரும் மட்டாஞ்சேரிக்கு வந்தனர். 19ஆம் நூற்றாண்டில் கட்ச் நாட்டிலிருந்து வணிகத்தின்பொருட்டுக் குடியேறிய மேமன் வகுப்பினர் அவர்களுட் குறிப்பிடத்தக்கோர். மாப்பிள்ளைமார் ஷாபி சட்ட நெறியினர். மேமன்கள் ஹனபி நெறியினர். ஷாபி நெறி அரபுக் கரை, மலபார், காயல், இலங்கை, மாலத்தீவு, இந்தோனேசியா எனக் கடலோரமாகவே தொடர்வதை நோக்கினால், அச்சமயம் சென்ற வழியும் புலனாகும்.

5. பரவியதன் காரணம்

இஸ்லாம் வாளால் பரவிற்று என்று கூறி முடிப்போரும், வாளுக்கு அதில் பங்கே இல்லை என்போரும் உளர். இரண்டும் முழு உண்மை அல்ல. மாலத்தீவு 1153 வரையில் பௌத்த நாடாக இருந்தது. அவ்வாண்டில் மன்னர் இஸ்லாத்தை ஏற்றார். தென்தீவுகளில் விகாரம் அழிக்கப்பட்டதையும் பிக்குகள் கொல்லப்பட்டதையும் அந்நூற்றாண்டின் இறுதியில் எழுதப்பட்ட அந்நாட்டுச் செப்பேடுகளே கூறுகின்றன. 18ஆம் நூற்றாண்டில் மைசூர் ஆட்சியின்போது மலபாரில் வலிந்து மதம் மாற்றப்பட்டோரும் உண்டு. இவற்றை மறைத்தல் கூடாது.

ஆயினும், வாள் ஒன்றே காரணமாயின், இஸ்லாமிய அரசுகள் பல நூற்றாண்டு நிலைத்த நாடுகளில் அச்சமயத்தார் மிகுந்திருத்தல் வேண்டும். 2011ஆம் ஆண்டு மக்கள் கணக்கின்படி கேரளத்தில் நூற்றுக்கு 26.56 பேர் இஸ்லாமியர். ஆக்ரா, லக்னோ முதலிய அரசிருக்கைகளை உடைய உத்தரப் பிரதேசத்தில் 19.26 பேரே; மதுரை சுல்தான்களையும் ஆர்க்காட்டு நவாபுகளையும் கண்ட தமிழ்நாட்டில் 5.86 பேரே. கொச்சியின் அரியணையிலோ இஸ்லாமியர் எவரும் அமர்ந்ததில்லை.

இதன் காரணத்தை இளைய மக்தூம் தம் நூலில் குறிப்பாக உணர்த்துகிறார். மலபார் மன்னர் தம் குடிகள் இஸ்லாத்தை ஏற்பதைத் தண்டிக்கவில்லை என்றும், மாறியவர் மிகத் தாழ்ந்ததாகக் கருதப்பட்ட சாதியினராயினும் பிற இஸ்லாமியர்க்குரிய மதிப்பை அவர்க்கும் அளித்தனர் என்றும் அவர் எழுதுகிறார். 1500இல் கொச்சிக்கு வந்த போர்ச்சுகீசியரை எதிர்த்துப் போருக்கு அழைக்கும் நூல் அது. அத்தகைய நூலிலும், இந்து மன்னரின் நன்னடத்தையை அவர் மறவாது போற்றுகிறார்.

முந்நூறு ஆண்டுகளுக்குப் பின்னும் அதே காரணம் தொழிற்பட்டது. ஆங்கிலேயர் ஆண்ட மலபார் மாவட்டத்தில் நிலத்தோடு விற்கப்பட்ட செருமர் என்னும் உழவடிமைகள் 1871ஆம் ஆண்டுக் கணக்கில் ஏறத்தாழ 99,000 பேர். 1881இல் ஏறத்தாழ 65,000 பேரே. இக்குறைவுக்கு அவர்கள் இஸ்லாத்தைத் தழுவியமையே பெரிதும் காரணம் என வில்லியம் லோகன் தம் மலபார் நூலில் கருதினார். அடிமை முறை 1843இலேயே சட்டத்தால் நீங்கியிருந்தது, தீண்டாமை நீங்கவில்லை. பொது வழியில் நடக்க இயலாதவர், பள்ளிக்குள் நுழைந்தபின் நடக்கலானார். அவ்வேறுபாடு அவருக்குத் தத்துவ ஆராய்ச்சி அன்று. நாள்தோறும் காலடியில் உணர்ந்த உண்மை.

6. நாம் கற்கத்தக்கது

இஸ்லாத்தைத் தழுவியவுடன் வேற்றுமை யாவும் ஒழிந்தனவா? அவ்வாறும் கூற இயலாது. மட்டாஞ்சேரியில் நயினாமார், மேமன்கள், மாப்பிள்ளைமார் ஆகியோர் தொழுகையில் ஒரே திசை நோக்கினும், நெடுங்காலம் தத்தம் வகுப்புக்குள்ளேயே மணவுறவு கொண்டனர். மலபாரில் நபி வழியினராகிய தங்ஙள்மார் உயர்வாகப் போற்றப்பட்டனர். முடிதிருத்தும் தொழிலினரான ஒசான்மாரோடு பிறர் மணவுறவு கொள்ளத் தயங்கினர். வங்க இஸ்லாமியரிடையே நிலவிய சாதிப் பிரிவுகளை 1901ஆம் ஆண்டு மக்கள் கணக்கு அறிக்கையைக் கொண்டு அண்ணல் அம்பேத்கர் பாகிஸ்தான் பற்றிய தம் நூலில் எடுத்துக்காட்டியுள்ளார்.

இதனைக் கண்டு பிறரை எள்ளுவோமாயின் நாம் ஒன்றும் கற்றவராகோம். பிறப்பால் எவரும் இழிந்தோர் ஆகார் என்று அறம் உரைத்த பகவன் புத்தரின் சங்கத்திலும் இக்குறை நுழைந்தது. இலங்கையில் 1753இல் தோன்றிய சியாம் நிகாயம், சிறிது காலத்துக்குள் கொவிகம சாதியினர்க்கு மட்டுமே உபசம்பதை அளிப்பதாயிற்று. பிற சாதியினர் பர்மா சென்று துறவு ஏற்றுத் திரும்ப, 1803இல் அமரபுர நிகாயம் தோன்றியது. சாதியை மறுத்த நெறியின் காவி உடைக்குள்ளும் சாதி புகுந்துகொண்டது.

ஆதலின், முன்னர் எழுப்பிய வினாவுக்கு விடை இதுவே. ஒரு சமயத்தின் சமத்துவம் முதலில் அதன் வழிபாட்டு வரிசையில் தோன்றும். பின்னர் உணவுப் பந்தியை அடையும். இறுதியாகவே மண வீட்டை அடையும். கொச்சியில் இஸ்லாம் முதற்படியை உறுதியாக அமைத்தது. தாழ்ந்து கிடந்தோர் பலர் அப்படியின்மீது காலூன்றி நிமிர்ந்தனர். எஞ்சிய படிகளை நூலும் கட்டித் தராது, ஆசானும் கட்டித் தரார். அவ்வச் சமூகத்தாரே கட்டுதல் வேண்டும்.

நம்முள் ஒவ்வொருவரும் இதனைத் தம் இல்லத்தில் வைத்து நோக்குவாராக. பௌர்ணமி நாளில் ஒரே பாயில் அமர்ந்து பஞ்சசீலம் ஏற்கின்றோம். அப்பாயில் நம் அருகே அமர்ந்தவரின் வீட்டில் உண்கின்றோமா? அவர் மகளை நம் மகனுக்குக் கேட்க மனம் ஒப்புகின்றதா? பழைய ஊரில் அவர் எத்தெருவினர் என்னும் கேள்வி நாவில் எழாமல் இருக்கின்றதா? இவற்றுக்கு நாம் தரும் விடையே நாம் ஏற்ற நெறியின் அளவுகோலாகும். இஸ்லாமிய அண்டை வீட்டாரோடு நட்புப் பூண்டு, அவர் நோன்பையும் பெருநாளையும் மதித்து ஒழுகுவோம். அவர்தம் வரலாற்றில் கண்ட நிறையையும் குறையையும் நமக்குப் பாடமாகக் கொள்வோம்.